காற்றடிக்கும் ஏரியில் 8×42 பைனாகுலர்

குளிர்காலத்தில் ஏரிக்கு வரும் வாத்துகளைப் பார்ப்பதற்கென்றே 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மி.மீ. விட்ட முன்வில்லை கொண்டது) ஒன்றை வாங்கினேன். வாத்துகள் கரையிலிருந்து வெகு தொலைவில் மிதப்பவை. ஆகவே 10×42 வாங்கியிருக்க வேண்டுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. காற்று ஓங்கி வீசிய ஒரு காலையில், உடன் வந்த நண்பரின் 10×42 கருவியையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோது அந்த ஐயம் தீர்ந்தது. பத்து மடங்கில் பறவை பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் கை நடுக்கமும் காற்றின் உதறலும் அதே அளவுக்குப் பெருகியதால் அதன் தலையில் உள்ள குறிகள் கண்ணுக்குப் பிடிபடவில்லை. எட்டு மடங்கில் உருவம் சற்றுச் சிறிதாக இருந்தாலும் நிலைத்து நின்றது.

பலத்த காற்றில் வாத்துகள் கோரைகளின் மறைவில் ஒதுங்கும். திறந்த நீரில் இருப்பவை பெரும்பாலும் காற்று வரும் திசையை நோக்கியே மிதக்கும். அலைமேட்டில் ஒரு கணம் தெரிந்து பள்ளத்தில் மறைகிற பறவையை மீண்டும் கண்டுபிடிக்க, இக்கருவியின் அகன்ற காட்சிப்பரப்பு மிகவும் உதவியது. ஆண் நாமத்தலை வாத்தின் நெற்றியில் உள்ள வெளிர்மஞ்சள் பட்டையையும், ஊசிவால் வாத்தின் கழுத்தோரம் மேலேறும் வெள்ளைக் கோட்டையும் தெளிவாகக் கண்டேன். பருவத் தொடக்கத்தில் ஆண் பறவைகள் பலவும் பெட்டையைப் போன்ற மங்கலான இறகுகளுடனேயே வந்து சேர்வதால், நிறத்தை மட்டும் நம்பி அடையாளம் சொல்ல முடியாது. அந்நிலையில் தட்டைவாயன் வாத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் அகன்ற அலகுதான், அதன் விளிம்பு இக்கருவியில் கூர்மையாகத் தெரிந்தது.

மேகமூட்டமான விடியலிலும் காட்சி வெளிச்சமாகவே இருந்தது. 42 மி.மீ. வில்லையை எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மி.மீ.; பத்து மடங்குக் கருவியில் அது 4.2 மி.மீ. மட்டுமே. கருவி கையில் சற்றுக் கனக்கிறது. ஆனால் அந்தக் கனமே காற்றில் அதை நிலையாக வைத்திருக்கிறது என்பதால் இதை நான் குறையாகக் கருதவில்லை.

குறை என்று சொல்ல வேண்டியது கழுத்துப்பட்டையைத்தான். அகலமான அந்தப் பட்டை காற்றில் படபடத்துக் கருவியையே ஆட்டியது. அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்ட பிறகே நிம்மதியாகப் பார்க்க முடிந்தது. குளிர் மிகுந்த வேளையில் குவியச் சக்கரமும் இறுகிப்போகிறது. அலையிலேயே நிற்கும் வாத்துகளுக்கு இது பரவாயில்லை, ஆனால் கிளுவை எனும் சிறு வாத்துகள் திடீரென்று நீரிலிருந்து செங்குத்தாக எழும்பிப் பறக்கும்போது, சக்கரத்தைத் திருப்பி முடிப்பதற்குள் கூட்டம் கடந்துபோய்விடுகிறது.

ஏரியின் மறுகரையில் உறங்கும் கூட்டங்களை எண்ணுவதற்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் பொருத்திப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) தேவைதான், இதை வைத்து அந்த வேலை ஆகாது. எனினும் காற்று நாளில் ஸ்கோப்பை 60 மடங்குக்கு ஏற்றிப் பயனில்லை. முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களை அகல விரித்து, தரையில் உட்கார்ந்து 20 மடங்கில் பார்ப்பதே உகந்தது.