கேட்ட வரமும் கொடுத்த விலையும்: ‘மடோகா மாஜிகா’ விமர்சனம்

ரத்தம் தெறித்தால், தலை உருண்டால், வானம் எப்போதும் கறுத்திருந்தால் அதுவே டார்க் ஃபேன்டஸி என்று நம்பி எடுக்கப்பட்ட அனிமேக்கள் (ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள்) ஏராளம். பார்க்கும்போது பதறும். ஒரு வாரம் கழித்து யார் செத்தார்கள் என்பதே நினைவில் இருக்காது. 2011 ஜனவரியில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மடோகா மாஜிகா’வில் ரத்தம் மிகக் குறைவு. நிறங்களெல்லாம் இளஞ்சிவப்பும் மஞ்சளும். கதாபாத்திரங்களின் மூல ஓவியம் அவோகி உமே. பள்ளிப் பெண்களின் அன்றாடத்தை மென்மையாக வரைவதற்குப் பேர்போன மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) கலைஞர். அப்படியிருந்தும் இந்தத் தொடர் நெஞ்சை அறுக்கிறது. காரணம், இதில் கேட்கப்படும் ஒவ்வொரு வரத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலை கடைசிக் காசு வரை வசூலிக்கப்படுகிறது. கதாசிரியர் யாருக்கும் தள்ளுபடி தருவதில்லை.

மொத்தம் 12 எபிசோடுகள், ஒவ்வொன்றும் சுமார் 24 நிமிடம். ஐந்து மணி நேரத்துக்குள் முழுக்கதையும் முடிந்துவிடும். ஷாஃப்ட் ஸ்டூடியோவின் தயாரிப்பு, ஷின்போ அகியுகியின் இயக்கம், காஜியுரா யுகியின் இசை. பன்னிரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் ஒருவரே: உரோபுச்சி கென். எழுத்தாளர்கள் எபிசோடுக்கு எபிசோட் மாறும் தொடர்களில், இரண்டாம் எபிசோடில் போட்ட விதி எட்டாம் எபிசோடில் வசதிக்காகத் தளர்ந்துவிடும். இங்கே எந்த இடத்திலும் தளரவில்லை.

கதையின் விதிகள் சிலவே. கியூபே என்ற வெள்ளைப் பிராணி ஒரு சிறுமியிடம் வந்து, எந்த வரம் வேண்டுமானாலும் கேள், நிறைவேற்றுகிறேன் என்கிறது. பதிலுக்கு அவள் மாயச் சிறுமியாகி, மனிதர்களின் மனதைக் கெடுக்கும் சூனியக்காரிகளோடு போரிட வேண்டும். வரம் வாங்கியதும் அவள் கையில் ஒரு சோல் ஜெம் (ஆன்மக் கல்) வந்துவிடும். மந்திரத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம் அந்தக் கல் கறுக்கும். கருமையைப் போக்க, சூனியக்காரியை வீழ்த்தினால் கிடைக்கும் கிரீஃப் சீட் (துயர விதை) வேண்டும். அதற்கோ எப்போதும் தட்டுப்பாடு. அதனால்தான் ஐந்தாம் எபிசோடில் கியோகோ என்ற மாயச் சிறுமி, சூனியக்காரிகளின் எடுபிடிகளைக் கொல்லாதே, நாலைந்து பேரைத் தின்று சூனியக்காரியாக வளரட்டும், பிறகு கொன்றால்தான் விதை கிடைக்கும் என்கிறாள். முட்டையிடும் முன்பே கோழியை அறுக்கலாமா என்பது அவள் வாதம். அவளைக் கெட்டவள் என்று தள்ளிவிட முடியாது. பற்றாக்குறை மனிதரை என்ன செய்யும் என்பதைத்தான் அவள் மூலம் காட்டுகிறார்கள்.

சூனியக்காரிகளின் மாய உலகங்கள் தனியாகப் பேச வேண்டியவை. கெகிதான் இனுகரே என்ற கலைக்குழு, காகித வெட்டுகள், துணி, பழைய புகைப்படங்கள் ஆகியவற்றை ஒட்டிச் செய்த உலகங்கள் அவை. இரண்டு பரிமாண ஓவியச் சிறுமிகள் அதற்குள் நுழையும்போது, வேறு யாருடைய கெட்ட கனவுக்குள்ளோ வழிதவறி வந்துவிட்டதுபோல் தெரியும். சுவர்களில் கிறுக்கியிருக்கும் எழுத்துகள் வெறும் அலங்காரமில்லை. படித்துவிடக்கூடிய ஓர் எழுத்துமுறை. ஆரம்ப எபிசோடுகளில் அப்படி எழுதியிருப்பவற்றில் கோதேயின் ‘ஃபவுஸ்ட்’ நாடக வரிகள் உண்டு. சாத்தானின் தூதனோடு ஒப்பந்தம் போடுகிறவனின் கதை அது. கியூபே யாரென்பது சுவரிலேயே எழுதியிருக்கிறது; படிக்கத்தான் நமக்குத் தெரியவில்லை.

இனி ஸ்பாய்லர் வருகிறது. பார்க்காதவர்கள், எப்படிப் பார்ப்பது என்று சொல்லும் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

மூன்றாம் எபிசோடைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்; பெரும்பாலும் அதிர்ச்சியை மட்டும்தான் பேசுவார்கள். கவனிக்க வேண்டியது அந்த அதிர்ச்சிக்குப் பின்னால் உள்ள கணக்கு. மமி மூத்த மாயச் சிறுமி, தேநீரும் கேக்கும் கொடுத்து மடோகா, சயாகா என்ற இரண்டு பள்ளிப் பெண்களைத் தங்கையரைப் போல் நடத்துகிறவள். அந்த எபிசோடில்தான் அவள் முதன்முறையாகத் தன் பயத்தையும் தனிமையையும் ஒத்துக்கொள்கிறாள். உங்களோடு நானும் வருகிறேன் என்று மடோகா வாக்குக் கொடுக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் மமி ஆட்டமாகவே சண்டை போடுகிறாள். எதிரி இன்னும் சாகவில்லை என்பதைக் கவனிக்கத் தவறுகிறாள். அவளைக் கொன்றது அந்தச் சந்தோஷம். இந்தச் சாவில் ஒரு பொட்டு ரத்தம் கண்ணில் படாது. அதுவரை காட்டாமல் வைத்திருந்த ‘மேஜியா’ என்ற இறுதிப் பாட்டு அன்றுதான் முதன்முதலாக ஒலித்தது.

ஆனால் தொடரின் நெஞ்சு மூன்றில் இல்லை, ஆறில் இருக்கிறது. தோழி சயாகா சண்டைக்குப் போகக்கூடாதே என்ற பரிதவிப்பில், மடோகா அவளுடைய சோல் ஜெம்மைப் பிடுங்கி மேம்பாலத்திலிருந்து வீசுகிறாள். அது கீழே போகும் லாரியின் மேல் விழுந்து தூரம் போகிறது. சயாகா நின்ற இடத்திலேயே சரிகிறாள். நாடி இல்லை. கியூபே நிதானமாக விளக்குகிறது: வரம் கொடுக்கும்போது அவள் உயிரை எடுத்து அந்தக் கல்லில் வைத்துவிட்டேன், கல்லுக்கும் உடம்புக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் போனால் உடம்பு இயங்காது. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அடுத்த எபிசோடில் கேட்டால், யாரும் கேட்கவில்லையே என்கிறது.

இந்த 100 மீட்டர் என்ற எண்ணுக்குத்தான் இவ்வளவு வலிமை. மாயம் மங்கலாக இருந்தால் சோகமும் மங்கலாகவே இருக்கும். அளந்து சொன்னதும் அது உடம்பில் உறைக்கிறது. கியூபேயிடம் வன்மம் இல்லை, கோபம் இல்லை, பொய்யும் இல்லை. அதன் முகம் ஒருபோதும் மாறாது. கத்திச் சிரிக்கும் வில்லனை வெறுத்துவிட்டுப் போய்விடலாம்; இதை வெறுக்கக்கூட நமக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

அங்கிருந்து சங்கிலி நீள்கிறது. சயாகாவின் வரம் தனக்காக அல்ல. கை முடங்கிக் கிடந்த வயலின் கலைஞன் கியோசுகேக்காக. மூன்றாம் எபிசோடிலேயே மமி அவளிடம் ஒன்று கேட்டிருப்பாள்: அவன் கனவு நிறைவேற வேண்டுமா, இல்லை அவனுக்கு உதவியவள் நீ என்று ஆக வேண்டுமா? அந்தக் கேள்வி ஏழாம் எபிசோடில் கடனைக் கேட்டு வாசலில் வந்து நிற்கிறது. தோழி ஹிதோமி, நானும் அவனை விரும்புகிறேன், உனக்கு ஒரு நாள் தருகிறேன், சொல்லவேண்டியதைச் சொல் என்கிறாள். சயாகா சொல்லவில்லை. உயிர் கல்லில் இருக்கிற பிணம் நான், என்னை அணைத்துக்கொள் என்று எப்படிக் கேட்பது? ஆறாம் எபிசோடின் விதி ஏழில் மௌனமாகிறது. மௌனம் எட்டில் கல்லை முழுதும் கறுக்க வைக்கிறது. கறுத்துப்போன கல் உடைந்து அதிலிருந்து பிறப்பது ஒரு சூனியக்காரி. இத்தனை நாள் இவர்கள் கொன்றதெல்லாம் யாரை என்பது அப்போதுதான் புரியும்.

ஜப்பானிய மொழியில் சிறுமி ஷோஜோ, சூனியக்காரி மஜோ, மாயச் சிறுமி மஹோ ஷோஜோ. மஜோவாக வளரப்போகிறவளை மஹோ ஷோஜோ என்று அழைப்பதுதானே பொருத்தம் என்கிறது கியூபே. தொடரின் ஜப்பானியத் தலைப்பே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. சப்டைட்டிலில் இந்தச் சிலேடை கரைந்துபோகும், அதனால் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

பத்தாம் எபிசோட் இன்னொரு மாயச் சிறுமியான ஹோமுராவுடையது. அதுவரை கல்நெஞ்சுக்காரியாகத் தெரிந்தவள், ஒரு காலத்தில் கண்ணாடியும் இரட்டைப் பின்னலுமாக இருந்த கூச்சக்காரி. மடோகாவைக் காப்பாற்றுவதற்காக ஒரே மாதத்தைத் திரும்பத் திரும்ப வாழ்ந்திருக்கிறாள். எபிசோடின் முடிவில், வழக்கமாக ஆரம்பத்தில் வரும் ‘கனெக்ட்’ பாட்டு ஒலிக்கிறது. ஒன்பது வாரம் மடோகாவின் பாட்டாகக் கேட்டதை அன்று ஹோமுராவின் வாக்குறுதியாகக் கேட்கிறோம். மெட்டில், வரியில் எதுவும் மாறவில்லை. பதினோராம் எபிசோட் அதன்மேலும் ஒரு கல்லை ஏற்றுகிறது: ஹோமுரா திரும்பி வரும் ஒவ்வொரு முறையும் மடோகாவின் மேல் ஊழ் கூடுதலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. காப்பாற்றும் முயற்சியே அவளை இன்னும் ஆபத்தானவளாக்கியிருக்கிறது. அன்புக்கும் இங்கே விலை உண்டு.

குறைகளும் இருக்கின்றன. ஒன்பதிலும் பதினொன்றிலும் கியூபேயின் விளக்கவுரை நீளம். உணர்ச்சியை ஆற்றலாக்கிப் பிரபஞ்சத்தின் என்ட்ரோபியை (பயன்படும் ஆற்றல் குறைந்துகொண்டே போவதை) ஈடுகட்டுவது என்ற வாதம் அறிவியலாகக் கேட்டால் நிற்காது. கியோசுகேக்குக் கை மட்டும்தான் இருக்கிறது, மனசு எழுதப்படவில்லை. தொலைக்காட்சிப் பதிப்பில் சில இடங்களில் முகங்கள் தட்டையாக இருக்கும். ப்ளூ-ரேவில் பல காட்சிகளைத் திருத்தி வரைந்திருக்கிறார்கள். மடோகா பதினொரு எபிசோடும் அழுவதைத் தவிர என்ன செய்கிறாள் என்ற குறையும் சொல்லப்படுகிறது. அதை ஏற்க முடியாது. அவள் கியூபேயின் ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து போடாதவள். தொடரின் மொத்தப் பதற்றமும் அந்தக் கையெழுத்தில் தொங்குகிறது. பன்னிரண்டில் அவள் போடும்போது, எந்த விதியையும் உடைக்காமல், மற்றவர்களைச் சிக்கவைத்த அதே ஒப்பந்தத்தை வைத்தே தன் வரத்தைக் கேட்கிறாள். விலையும் கொடுக்கிறாள்: பெற்ற தாய்க்குக்கூட அவள் நினைவில் இல்லை. ஹோமுராவின் தலையில் இருக்கும் சிவப்பு ரிப்பனைப் பார்த்து, எனக்கொரு மகள் இருந்திருந்தால் இதைக் கட்டிவிட்டிருப்பேனோ என்று அந்தத் தாய் பேசும் சில நொடிகளுக்கு ஈடாக எந்தச் சண்டைக்காட்சியும் இல்லை.

எப்படிப் பார்ப்பது? தொடரிலிருந்தே தொடங்குங்கள். 2012இல் வந்த முதல் இரண்டு திரைப்படங்களும் இதே கதையின் தொகுப்பு. ஓவியம் மெருகேறியிருக்கிறது, ஆனால் ஒவ்வொரு எபிசோடும் முடியும்போது விழும் அந்த இடைவெளி போய்விடுகிறது. 1 முதல் 3 ஓர் இரவு, 4 முதல் 9 இரண்டு இரவுகள், 10 முதல் 12 ஒரே அமர்வில். முதல் ஒளிபரப்பின்போது மார்ச் 11 நிலநடுக்கத்தால் 11உம் 12உம் நிறுத்திவைக்கப்பட்டு, ஏப்ரலில்தான் சேர்ந்து வந்தன. புயலுக்குப் பயந்து மக்கள் முகாமில் ஒதுங்கும் காட்சி பதினொன்றில் உண்டு. ஓப்பனிங் பாட்டைத் தாண்டாதீர்கள், பத்தில் வட்டியோடு திரும்பக் கிடைக்கும். ஒலி ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும்: ஹோமுராவுக்குக் குரல் கொடுத்த சைத்தோ சிவா, கூச்சக்காரியையும் கல்நெஞ்சுக்காரியையும் ஒரே தொண்டையில் பிரித்துக் காட்டுகிறார்.

இளஞ்சிவப்பு நிறத்தைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். இரண்டாம், நான்காம் எபிசோடுகளில் தற்கொலை முயற்சிகள் வருகின்றன. ஏழும் எட்டும் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு மிகவும் பாரம். 2013இல் வந்த ‘ரெபெல்லியன்’ திரைப்படம் இந்த முடிவுக்கு அடுத்த கதை. அதை அதே இரவில் போடாமல் ஒரு வாரமாவது தள்ளிவையுங்கள். போடுவதற்கு முன் பத்தாம் எபிசோடை மட்டும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அந்தப் படத்தில் ஹோமுரா செய்வதற்கான காரணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.