எக்ஸ்டர்னல் பெட்டியில இருந்து கழட்டுன ஹார்ட் டிஸ்க் நம்ம ராயபுரம் உப்புக்காத்துல தாங்குதா?

என் வீட்டு சர்வர்ல இப்ப ஓடுற டிஸ்க் எல்லாமே யூஎஸ்பி எக்ஸ்டர்னல் பெட்டிய பிரிச்சு எடுத்தது தான், முத ரெண்டும் 2019ல வாங்குன டபிள்யூடி எலிமெண்ட்ஸ் டெஸ்க்டாப் 8 டிபி, உள்ள வெள்ள லேபிள் ஒட்டுன டிஸ்க் இருந்துச்சு, ரெண்டும் இன்னைக்கு வரைக்கும் ஒரு செக்டார் கூட போகாம ஓடுது. அதுக்கப்புறம் வேற வேற வருஷத்துல சேத்ததும் இருக்கு. பழைய ஐ5 டெஸ்க்டாப், டெபியன் லினக்ஸ், மேல சர்வர நிர்வகிக்க ஓப்பன்மீடியாவால்ட், ஒரு டிஸ்க் செத்தாலும் டேட்டாவ மீட்க பேரிட்டினு ஒரு கணக்க தனி டிஸ்க்குல எழுதி வைக்குற ஸ்னாப்ரெய்டு, அவ்ளோ தான் செட்டப். உள்ள இருக்குறது வெறும் சினிமா இல்ல, அப்பாவோட பழைய போட்டோ ஸ்கேன், அக்கா கல்யாண வீடியோ, அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டையில ஸ்டூடியோ வச்சிருக்குற என் மாமாவோட எடிட் பண்ணாத ஃபுட்டேஜ். போனா திரும்ப எடுக்க முடியாது, அதனால தான் இத எழுதுறேன், ஏன்னா "பெட்டிக்குள்ள வர்றது செகண்ட்ஸ் மால், சீக்கிரம் பூடும்"னு சொல்றவங்க நிறைய பேர், சொன்னதுல பாதி பேர் அத கழட்டியே பாத்ததில்ல.

என் முடிவ முதல்லயே சொல்லிடறேன். பெட்டியில இருந்து வந்ததால எந்த டிஸ்க்கும் சாகல. எந்த மாடல், எவ்ளோ சூடு, எவ்ளோ ஈரம், கரண்ட் எப்படி வருது, இந்த நாலு தான் விஷயம்.

மாடல் ஏன்னா, 2011ல தாய்லாந்து வெள்ளத்துல டிஸ்க் ஃபேக்டரி எல்லாம் மூழ்குனப்ப பேக்பிளேஸ்னு அமெரிக்கால இருக்குற பேக்கப் கம்பெனிக்கு டிஸ்க்கே கிடைக்கல, கடை கடையா போயி எக்ஸ்டர்னல் 3 டிபி வாங்கி உடைச்சு சர்வர்ல போட்டாங்க. அவங்ககிட்ட சீகேட்டோட எஸ்டி3000டிஎம்001 கொத்து கொத்தா செத்துச்சு, அதே கம்பெனியில ஹிட்டாச்சி 3 டிபி வருஷக்கணக்கா ஓடுச்சு. ஒரே டேட்டா சென்டர், கிட்டத்தட்ட ஒரே காலம், மாடல் மாறுனதுல தான் அவ்ளோ வித்தியாசம். அதனால பெட்டிய பிரிக்குறதுக்கு முன்னாடியே யூஎஸ்பில மாட்டி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர ஓட்டி உள்ள என்ன மாடல் நம்பர் டிஸ்க்குன்னு பாத்துடுங்க, பிடிக்கலன்னா சீல் உடையாம ரிட்டர்ன் போடலாம்.

பாக்கவேண்டிய முக்கியமான விஷயம் எஸ்எம்ஆர். டிராக்க கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிய எழுதுற டெக்னாலஜி, ஒரு தடவ எழுதி வச்சு படிக்குறதுக்கு பரவால்ல, ரெய்டுல, அதாவது பல டிஸ்க்க சேத்து ஒண்ணா ஓட்டுற முறையில, செத்த டிஸ்க்குக்கு பதிலா புதுசு போட்டு ரீபில்டு பண்ணா நாள் கணக்குல இழுக்கும், இசட்எஃப்எஸ்னு ஒரு ஃபைல் சிஸ்டம்ல நடுவுல டிஸ்க்க தூக்கி வெளிய போட்டாலும் போட்டுரும். சீகேட் எக்ஸ்பான்ஷன் 8 டிபிக்குள்ள வர்ற எஸ்டி8000டிஎம்004 அந்த வகை. இன்டர்னல்னு வாங்குனா தப்பிச்சோம்னும் கிடையாது, 2020 ஏப்ரல்ல தான் டபிள்யூடி ரெட் 2ல இருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு வெளிய வந்துச்சு, என்ஏஎஸ்க்குன்னே, அதாவது நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிக்குன்னே வித்த டிஸ்க் அது.

வாங்குன உடனே பெட்டியோடவே பேட்பிளாக்ஸ்னு டிஸ்க் முழுக்க எழுதி படிச்சு சோதிக்குற லினக்ஸ் கமாண்ட ஓட்டுவேன். 8 டிபிக்கு நாலு பேட்டர்ன் எழுதி படிச்சு முடிக்க அஞ்சாறு நாள் ஆகும், ஆனா இளசுல சாகுறது இதுலயே தெரிஞ்சுடும், வாரண்டியும் கையில இருக்கும். அந்த பிளாஸ்டிக் பெட்டியில ஃபேன் கிடையாது, மே மாசத்துல நம்ம ஊர்ல டிஸ்க் சூடு 55 டிகிரிய சாதாரணமா தாண்டும், அதனால டேபிள் ஃபேன திருப்பி வைக்கணும். கழட்டி கேபினட்ல 120 எம்எம் ஃபேன் முன்னாடி போட்டா அதே டிஸ்க் 40, 42ல நிக்குது. அதாவது கழட்டுனதால டிஸ்க்குக்கு நல்லது தான் நடந்திருக்கு.

கழட்டி மாட்டுனா சில சமயம் சுத்தவே சுத்தாது, டிஸ்க் செத்துடுச்சுன்னு பயந்துடாதீங்க. சாட்டா, அதாவது டிஸ்க்க கம்ப்யூட்டர்ல மாட்டுற முறையோட புது ஸ்பெக்ல பவர் கனெக்டரோட மூணாவது பின் டிஸ்க்க ஆஃப் பண்றதுக்குன்னு மாத்திட்டாங்க, கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குற பழைய எஸ்எம்பிஎஸ் அந்த பின்னுல எப்பவும் 3.3 வோல்ட் அனுப்பும், டிஸ்க் ஆஃப்லயே கிடக்கும். மொபைல் சர்வீஸ் ஸ்பேர் விக்குற கடையில ஹீட் டேப்னு கேட்டா மஞ்சக் கலர்ல கேப்டான் டேப் தருவாங்க, ரிச்சி ஸ்ட்ரீட் போனா கண்டிப்பா கிடைக்கும், மெல்லிசா வெட்டி அந்த பின்ன மூடுனா போதும். மோலக்ஸ்ங்குற பழைய நாலு பின் பவர் வயர சாட்டாவா மாத்துற கன்வெர்ட்டர் போடலாம்னு சொல்லுவாங்க, அதுல பிளாஸ்டிக்க உருக்கி வார்த்த மாதிரி இருக்குறது உள்ளுக்குள்ள ஷார்ட் ஆகி தீயே பிடிக்கும், தயவு செஞ்சு வேணாம்.

இப்ப நம்ம ஏரியா விஷயத்துக்கு வரேன். காசிமேடு ஹார்பர்ல இருந்து அடிக்குற காத்துல ஜன்னல் கிரில் பெயிண்ட் அடிச்ச மறுவருஷமே துரு பூக்குது, அதே காத்து தான் சர்வருக்குள்ளயும் போகுது. 2016ல ரட்கர்ஸ் யூனிவர்சிட்டியும் மைக்ரோசாஃப்ட்டும் சேந்து வெளிக்காத்துல குளிர வைக்குற டேட்டா சென்டர்கள ஆராஞ்சு ஒரு பேப்பர் போட்டாங்க, அதுல சூட்ட விட ஈரப்பதம் தான் டிஸ்க்க அதிகமா கெடுக்குது, அதுவும் உள்ள இருக்குற தட்ட இல்ல, கன்ட்ரோலர், கனெக்‌ஷன் பக்கத்த தான்னு கண்டுபிடிச்சாங்க. எனக்கு அது அப்படியே நடந்துச்சு. ஸ்மார்ட்னா டிஸ்க் தன் நிலைமைய தானே நம்பர் போட்டு எழுதி வைக்குற கணக்கு, ஒரு டிஸ்க்குல அதுல 199, அதாவது கேபிள் வழியா டேட்டா போறப்ப வர்ற சிஆர்சி எர்ரர் ஏறிக்கிட்டே இருந்துச்சு, கெட்ட செக்டார காட்டுற 5, 197, 198 எல்லாம் சைபர். அப்படி இருந்தா தப்பு பெரும்பாலும் கேபிள்ல தான். சாட்டா கேபிள கழட்டி பாத்தா முனை மங்கி போயிருந்துச்சு, புது கேபிள் போட்டேன், நம்பர் அங்கயே நின்னுடுச்சு. இப்ப மழைக்காலம் முடிஞ்ச உடனே எல்லா கனெக்டரையும் கழட்டி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு துடைக்குறது வழக்கமாயிடுச்சு, சர்வரும் ராத்திரி பகல்னு நிறுத்தாம ஓடுறதால உள்ள கொஞ்சம் சூடு இருந்து ஈரம் படியுறதில்ல.

செத்தது ஒண்ணே ஒண்ணு தான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்து தெருவெல்லாம் தண்ணி நின்னு கரண்ட் போயிட்டு போயிட்டு வந்துச்சே, அதுக்கப்புறம் ஒரு டிஸ்க்குல 197 கொஞ்சம் கொஞ்சமா ஏற ஆரம்பிச்சு ஒரு மாசத்துல படிக்கவே முடியாம போச்சு. கம்பெனி பேர் வேணாம். ஸ்னாப்ரெய்டு பேரிட்டி இருந்ததால ஒரு ஃபைல் கூட போகல, மாமா தான் ஃபோன் மேல ஃபோன், "டேய் தம்பி, அந்த ராயப்பேட்டை கல்யாணம் இருக்காடா, பாத்து சொல்றா"ன்னு, இருக்கு மாமான்னு சொல்ற வரைக்கும் மனுசன் சாப்புடல. ஸ்மார்ட் 192 பாருங்க, கரண்ட் திடீர்னு போயி ஹெட் அவசரமா ஒதுங்குற கணக்கு அது, வீட்டு யூபிஎஸ் பேட்டரி மாத்துனதுல இருந்து எனக்கு அது ஏறவே இல்ல. ஆனா ஸ்மார்ட்ட மட்டும் நம்பி உக்காராதீங்க, 2007ல கூகுள் போட்ட பேப்பர்ல செத்த டிஸ்க்குல பாதிக்கு மேல முக்கியமான நாலு சிக்னல்ல எதுவுமே காட்டாம தான் போயிருக்கு. அதனால போட்டோவும் ஃபுட்டேஜும் தனியா இன்னொரு டிஸ்க்குல அக்கா வீட்ல, பெரம்பூர்ல, இருக்கு. ரெய்டோ பேரிட்டியோ பேக்கப் கிடையாது, வெள்ளம் வர்ற ஊர்ல இருக்குற நமக்கு இது இன்னும் முக்கியம்.

வாரண்டி தான் உண்மையான நஷ்டம். அந்த செத்த டிஸ்க்க ஒரு சர்வீஸ் சென்டர்ல கேட்டேன், பெட்டி இல்லாம வெறும் டிஸ்க்கா எடுக்க மாட்டோம்னுட்டாங்க. அதனால விலை வித்தியாசத்த பாத்து தான் வாங்கணும். என் கணக்கு, நாலு டிஸ்க் வாங்குறப்ப மிச்சமாகுற காசுல அஞ்சாவது வந்துடணும், அப்ப தான் கழட்டுறதுல அர்த்தம் இருக்கு, இல்லன்னா நேரா அஞ்சு வருஷ வாரண்டியோட வர்ற என்டர்பிரைஸ் டிஸ்க் வாங்கிடுங்க.

2.5 இன்ச் பாக்கெட் சைஸ் டிஸ்க்க மட்டும் இதுக்குன்னு வாங்காதீங்க, மை பாஸ்போர்ட் மாதிரி நிறைய மாடல்ல யூஎஸ்பி போர்டுலயே இருக்கும், சாட்டாவே கிடையாது, பெரிய சைஸ் எல்லாம் அனேகமா எஸ்எம்ஆர். மை புக் வாங்குனா அதோட சின்ன போர்டு டேட்டாவ என்கிரிப்ட் பண்ணி எழுதும், பெட்டியில இருக்கும்போது ஏத்துன டேட்டா கழட்டி நேரா மாட்டுனா படிக்க வராது, அதனால காலி டிஸ்க்கா இருக்கும்போதே கழட்டுங்க. பெட்டிய நெம்ப ஸ்க்ரூடிரைவர் வேணாம், பழைய ஏடிஎம் கார்டு நாலஞ்ச ஓரத்துல சொருகி இழுத்தா கிளிப் உடையாம வரும், வாரண்டி முடியுற வரைக்கும் பெட்டியையும் போர்டையும் எந்த டிஸ்க்கோடதுன்னு சீரியல் நம்பர் எழுதி பரண்ல போட்டு வைங்க.