ஒரே வேகம், இரு வேறு காற்று: தனிப் பறப்பும் இழுவைப் பறப்பும்

மாலையில் வடுவூர் ஏரிக்குத் திரும்பும் அரிவாள் மூக்கன்கள், முன்செல்லும் பறவைக்கு நேர்பின்னே பறப்பதைத் தவிர்த்து, அதன் இறக்கை நுனிக்குச் சற்று வெளியே விலகி வரிசை கட்டுகின்றன. நேர்பின்னே காற்று கீழிறங்குகிறது. நுனிக்கு வெளியே மேலெழுகிறது. இதே குடும்பத்தின் வேறோர் இனத்தைக் கொண்டு 2014இல் வெளியான ஆய்வும் பறவைகள் அந்த மேலெழும் காற்றைத் தேடிச் செல்வதைக் காட்டியது. எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரை இன்னொரு விமானம் கயிற்றில் கட்டி மேலே இழுத்துச் செல்லும்போதோ, அதற்கு அந்த இழுவை விமானத்தின் நேர்பின்னே மட்டுமே இடம்.

தனியே பறக்கையில் மணிக்கு 90 கி.மீ. வேகத்திலும் சொன்னபடி கேட்கும் கிளைடர், இழுவையில் 100 கி.மீ.யிலேயே மந்தமாகி, சாய்ந்த இறக்கையை நிமிர்த்த மறுப்பது இதனால்தான். கயிறே காரணம் என்போர் உண்டு; ஆனால் பழியை அதன் மீது மட்டும் போடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. சுமார் 11 மீட்டர் இறக்கையுள்ள இழுவை விமானத்தின் இறக்கை நுனிகளில் உருவாகும் காற்றுச் சுழல்கள் ஏறத்தாழ 8.5 மீட்டர் இடைவெளியில் பின்தொடர்வதால், 15 மீட்டர் கிளைடரின் நடு இறக்கை இறங்கும் காற்றிலும், இருபுறமும் 3 மீட்டர் அளவுக்கு நுனிகள் எழும் காற்றிலும் சிக்குகின்றன. நடுவில் இழந்த தூக்குவிசையை ஈடுகட்ட விமானி மூக்கை உயர்த்தும்போது, ஏற்கெனவே தாக்குகோணம் (இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம்) மிகுந்த நுனிகள், தூக்குவிசையைச் சட்டென இழக்கும் ஸ்டால் நிலையை நெருங்குகின்றன. இறக்கையைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் அசையும் மடல்களான எய்லரான்கள் இருப்பதும் அங்கேதான். பொதுவாக இறக்கையில் உடலை ஒட்டிய பகுதி முதலில் ஸ்டால் ஆகும்படி செய்யப்பட்டுள்ள ஏற்பாடு இழுவையில் தலைகீழாகிவிடக்கூடும். இறங்கும் காற்றின் கோணம் வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், 120 கி.மீ.யிலிருந்து 100 கி.மீ.க்குக் குறைந்தால் அது 1.44 மடங்காகிறது.

இழுவை விமானத்தின் கலங்கிய காற்றுக்கு மேலே இருப்பதா, ஆஸ்திரேலியாவில் வழக்கமாக உள்ளதுபோல் கீழே இருப்பதா என்பது அடுத்த கேள்வி. கிளைடர் திடீரென மேலெழும்பி இழுவை விமானத்தின் வாலைத் தூக்கிவிடும் ஆபத்து கீழ்நிலையில் குறைவு என்பதால் என் மனம் அதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் கயிறு முன்முனையில் அறுந்தால் கிளைடரின் மேல் வந்து விழக்கூடும். குறைவேகத் தொல்லைக்கோ இரண்டுமே மருந்தாகா, ஏனெனில் இறங்கும் காற்று கலங்கிய பகுதியைத் தாண்டி மேலும் கீழும் பரவியிருக்கிறது. வேகத்தைக் கூட்டும்படி வானொலியில் கேட்பதே வழி. எடை கூட்ட இறக்கைகளில் தண்ணீர்ச் சுமை ஏற்றிய கிளைடரானால் இன்னும் அதிக வேகம் தேவை என்பதால், அந்த வேகத்தைத் தரையிலேயே பேசி முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.