ஒரே லேபிள், இரண்டு அளவு: ஒரு சட்டை விமர்சனம்

இந்த ஆன்லைன் கடையில் ஒரே மாடல் சட்டையைக் கறுப்பிலும் வெள்ளையிலும் வாங்கினேன். இரண்டிலும் லேபிள் 'எம்'. வெள்ளை கச்சிதமாக உட்கார்ந்தது. கறுப்போ தோளில் இறுக்கிப் பிடித்தது. மார்புக்கு நேராக இரண்டு பட்டன்களுக்கு நடுவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. டேப் வைத்து அளந்தேன். மார்புச் சுற்றளவில் முழுசாக இரண்டு அங்குல வித்தியாசம்!

துணியை அடுக்கடுக்காகப் போட்டு வெட்டும்போது அரை அங்குலம் முன்னே பின்னே போவது சகஜம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு அங்குலம் என்றால் அது அடுத்த சைஸ். தைத்து வந்ததை யாரும் அளந்து பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சைஸ் அட்டவணையும் உதவாது. 'மார்பு 38' என்கிறது. உடம்பின் அளவா, தைத்த சட்டையின் அளவா? அதைச் சொல்லாத அட்டவணை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஐரோப்பாவின் இஎன் 13402 தரநிலை உடம்பின் அளவை சென்டிமீட்டரில் குறிக்கச் சொல்கிறது. அமெரிக்காவிலோ பெண்கள் உடைகளுக்கு 1958-இல் வந்த அளவுத் தரநிலை 1983-இல் கைவிடப்பட்டது.

துணி நல்ல பருத்தி, தையல் உறுதி. பணத்தையும் மறுபேச்சில்லாமல் திருப்பித் தந்தார்கள். ஆனாலும் இரண்டு ஸ்டார்தான். சட்டை பொருந்தவில்லை என்றால் வளரும் பிள்ளைகள் தங்கள் உடம்பைத்தான் நொந்துகொள்கிறார்கள். எனக்குக் கோபமே அதில்தான். வாங்குவதானால், நீங்கள் கேட்கும் நிறத்துச் சட்டையின் அளவை அளந்து சொல்லச் சொல்லிவிட்டு ஆர்டர் போடுங்கள்.