27,500 ரூபாய் வாங்கிக்கொண்டு துவைத்த நோட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள், உஷார்!

பழைய நோட்டு சேர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில் உள்ள 1000 ரூபாய் நோட்டு, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் கே.ஆர். புரி கையெழுத்து. பழைய நோட்டு, நாணயம் விற்கிற ஒரு செயலியில் போன வாரம் வாங்கினேன். 27,500 ரூபாய்.

1978 ஜனவரியிலேயே செல்லாததாக அறிவிக்கப்பட்ட நோட்டு இது. வங்கியில் ஒரு பைசா தேறாது. சேகரிப்பவர்கள் கொடுப்பதுதான் விலை, அதுவும் நோட்டின் நிலையைப் பார்த்துத்தான். மடிப்போ குண்டூசி ஓட்டையோ இருந்தால் விலை தடாலென்று இறங்கிவிடும்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் போனில் பேசினேன். "மடிப்பே விழாத, புழக்கத்துக்கே வராத அன்சர்குலேட்டட் நோட்டுண்ணே. வேற ஒருத்தர் இதைவிடக் கூடுதலா தர்றேங்கிறார். நீங்க தஞ்சாவூர்க்காரர், நம்ம கோயில் உங்க ஆல்பத்துலதான் இருக்கணும்" என்றார். அந்தப் பேச்சில்தான் நம்பிக்கை வந்தது. உடனே பணம் அனுப்பினேன்.

வந்த நோட்டை விளக்குக்கு எதிரே பிடித்தால் நட்டநடுவில் மடிப்புத் தடம். இஸ்திரி போட்டு அமுக்கியிருக்கிறார்கள். ஓரத்தில் குண்டூசி ஓட்டைகளைப் பசை வைத்து அடைத்திருக்கிறார்கள். புற ஊதா விளக்கில் நோட்டுத் தாள் மங்கலாகத்தான் தெரிய வேண்டும். இது நீலமாகப் பளபளக்கிறது. துணி பளிச்சென்று தெரிய சோப்புத்தூளில் சேர்க்கும் ஒளிர்பொருளின் வேலை அது. அதாவது துவைத்திருக்கிறார்கள்!

கேட்டால், "அம்பது வருஷ நோட்டு சார், அப்படித்தான் இருக்கும்." அண்ணன் போய் சார் வந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டால், "உறையைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." பிரிக்காமல் எப்படிப் பார்ப்பது? அப்புறம் என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார். செயலிக்காரர்களோ, "நோட்டின் தரத்துக்கு விற்பவரே பொறுப்பு" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். 27,500 ரூபாய்க்கு இதுதான் பதில்!

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். நேராக எடுத்த படத்தை நம்பாதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பிடித்து வீடியோ கேளுங்கள். தரத்தை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், மழுப்பினால் வாங்காதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 27,500 ரூபாயை விடப்போவதில்லை.