தட்டுவடை செட்டும் கருத்த பல்லும்

கல்யாணத்துக்காகச் சேலம் வந்த இடத்தில், அம்மாப்பேட்டையில் தட்டுவடை செட்டை (இரண்டு மொறுமொறு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும்) கடித்ததும் மகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து வயது. கடைவாய்ப் பல்லில் ஒரு குழி, முன்பல் இரண்டில் பழுப்புத் தீற்றல். நாங்கள் இருக்கும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் இலவசம்தான். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத்தான் மாதக்கணக்காகும்.

சரி, இங்கேயே பார்ப்போம் என்று ஒரு கிளினிக் போனோம். டோக்கன் 17. ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்டரம்மா ஏழே முக்காலுக்கு வந்தார். நடுவில் "தெரிஞ்சவங்க" மூன்று பேர் உள்ளே புகுந்தார்கள். அதெல்லாம் அப்படியேதான் இருக்கிறது.

மாறியது உள்ளேதான். என் காலத்தில் இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஊசி, குறடு, அப்புறம் ஐஸ்கிரீம். இப்போது எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "நரம்பு வரைக்கும் போகலைங்க" என்றார். முன்பல்லைப் பஞ்சால் துடைத்து, குட்டிப் பிரஷில் ஒரு சொட்டு மருந்து தடவினார். சில்வர் டையமைன் ஃபுளோரைடு, 38 சதவீதம். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும், சொத்தை மேற்கொண்டு பரவாமல் நிற்கும். "சொத்தை இருக்கிற இடம் கருத்துரும், பரவாயில்லைங்களா?" என்று கேட்டார். ஊசி இல்லை என்ற சந்தோஷத்தில் தலையாட்டினேன்.

கடைவாய்ப் பல்லுக்கு ஸ்டீல் தொப்பி. தொப்பி நுழைய இடம் விட, முதல் நாள் பல்லிடுக்கில் ரப்பர் வளையம். சில நாள் கழித்து, குடையாமல், சொத்தையைச் சுரண்டாமல், தொப்பியை மேலே வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டார். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சாப்பாடு கிடைக்காதாம். ஹால் டெக்னிக் என்று பெயர். ஸ்காட்லாந்து டாக்டர் நார்னா ஹால் செய்துவந்த முறை! ஒன்பது வருஷம் அங்கே குப்பை கொட்டிய எனக்கு அது சேலத்தில்தான் தெரிய வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் கருப்பு! மறுநாள் காலை முன்பல் இரண்டும் கரிக்கட்டை. "என்ன சாமி, பிள்ளை பல்லுல மை பூசி உட்டிருக்காங்க?" என்று அம்மா ஆரம்பித்தது சாயங்காலம் வரை ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2021இல் இந்த மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது என்றேன். "அவங்க வீட்டுலயா கல்யாணம்?" என்றார். டாக்டரம்மா ஒரு போட்டோவாவது முன்கூட்டிக் காட்டியிருக்கலாம்.

மகளின் தாடையைப் பிடித்திருந்த என் ஆள்காட்டி விரலிலும் அந்தச் சொட்டு பட்டிருக்கிறது. சோப்பு, எலுமிச்சை, எதற்கும் அசையவில்லை. ஓட்டு மையிலும் வெள்ளி உப்புதானே. கல்யாண மண்டபத்தில் மாமா கையைப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, பாஸ்போர்ட்டை மாத்திட்டீங்கன்னு சொன்னாங்க, எந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டீங்க?"

மகளோ வாயைப் பிளந்து, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளிப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள்.