சிவகங்கைக் கிராஃபைட்டா, செயற்கைக் கிராஃபைட்டா?

லித்தியம் அயன் பேட்டரியின் எதிர்மின் முனை (ஆனோடு) கிராஃபைட்டால் ஆனது. அதற்கு மண்ணில் தோண்டியெடுக்கும் இயற்கைக் கிராஃபைட்டா, ஆலையில் செய்யும் செயற்கைக் கிராஃபைட்டா? கோவை, ஈரோடு பக்கம் பேட்டரித் தொழிலில் இறங்க நினைக்கிறவர்கள் குழம்புவது இதில்தான்.

மூலப்பொருள்: இயற்கை வகைக்குச் சிவகங்கையில் டாமின் (தமிழ்நாடு அரசின் கனிம நிறுவனம்) சுரங்கம் இருக்கிறது. செயற்கைக்குப் பெட்ரோலியக் கோக், அதாவது கச்சா எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி வேண்டும்.

செலவு: கோக்கை 3,000 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டும்; கரண்ட் பில்லே முதலீட்டைத் தின்றுவிடும். சொந்தக் காற்றாலை உள்ள மில்காரர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். இயற்கை மலிவு.

உழைப்பு: செயற்கை வேகமாகச் சார்ஜ் ஏறும், நீண்ட நாள் தாங்கும்.

தண்ணீர்: இங்கேதான் எனக்குக் கவலை. இயற்கைக் கிராஃபைட் செதிலைப் பேட்டரிக்கு ஏற்ற சிறு உருண்டையாக்கும்போதே பாதியளவு தூளாகக் கழியும். அப்புறம் 99.95 சதவீதத் தூய்மைக்கு வழக்கமான வழி, ஹைட்ரோஃபுளோரிக் என்ற கடும் நச்சு அமிலத்தில் கழுவுவது; அந்தக் கழிவுநீர்தான் ஆபத்து. சாயக்கழிவால் நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டை நாம் கண்ணால் பார்த்தவர்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு இல்லாமல் அந்த ஆலை இங்கே வரவே கூடாது.

காங்கேயம் தேங்காய்த் தொட்டிக் கரி ஆகாதா என்றும் கேட்கிறார்கள். எவ்வளவு சூடேற்றினாலும் அது நல்ல கிராஃபைட் ஆகாது. லித்தியத்துக்குப் பதில் சோடியத்தில் ஓடும் சோடியம் அயன் பேட்டரிக்குப் பொருந்தும்.

சரி, எது யாருக்கு? மலிவு விலை ஸ்கூட்டருக்கு இயற்கை. பல வருஷம் ஓட வேண்டிய சோலார் சேமிப்புக்குச் செயற்கை. இரண்டையும் கலந்தும் செய்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது அந்தக் கலவையைத்தான்.